சிட்டகாங் மலைப்பகுதி: உடன்படிக்கைக்குப் பிந்தைய ஊரக வளர்ச்சி

வங்கதேசத்தின் தென்கிழக்கில், இந்திய, மியான்மர் எல்லைகளை ஒட்டி அமைந்தது சிட்டகாங் மலைப்பகுதி. ராங்கமாட்டி, காக்ராச்சரி, பந்தர்பன் என்ற 3 மாவட்டங்கள் இதில் அடங்கும். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. சக்மா, மர்மா, திரிபுரா, முரோ முதலிய 11 பழங்குடிகள் இங்கே வாழ்கின்றன. காட்டைத் திருத்தி எரித்துப் பயிரிடும் ஜும் சாகுபடியை ஒட்டி ஜும்ம மக்கள் என்று இவர்கள் தங்களைக் குறிப்பிடுவர்.

இங்கு மூண்ட போரின் வேர் நிலம். கர்ணபுலி ஆற்றில் 1960களின் தொடக்கத்தில் எழுந்த கப்தாய் அணை, மலைப்பகுதியின் நல்ல விளைநிலத்தில் சுமார் 40 விழுக்காட்டை மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,00,000 பேர் வீடிழந்தனர். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குச் சென்றனர். வங்கதேசம் பிறந்தபின் மலைமக்கள் தலைவர் மனபேந்திர நாராயண் லார்மா தன்னாட்சி கோரினார், அது ஏற்கப்படவில்லை. 1972இல் அவர் தொடங்கிய ஜனசங்கதி சமிதியின் ஆயுதப் பிரிவான சாந்தி வாகினி, 1970களின் நடுவிலிருந்து போரிட்டது. 1979 முதல் அரசே சமவெளியின் ஏழை வங்காளிகளை லட்சக்கணக்கில் கொண்டுவந்து குடியமர்த்தியது. நிலமற்ற ஏழைகளுக்கு எதிரே நிலமிழந்த ஏழைகளை நிறுத்திய இம்முடிவின் கேடு இன்றுவரை தீரவில்லை.

1997 டிசம்பர் 2 அன்று அரசுக்கும் ஜனசங்கதி சமிதிக்கும் இடையே உடன்படிக்கை கையெழுத்தானது. மலைப்பகுதிக்குத் தனி அமைச்சகம், வட்டாரக் கவுன்சில், நில ஆணையம் ஆகியவை அதன் விளைவுகள். மாவட்டக் கவுன்சில்களுக்கோ 1989க்குப் பின் தேர்தலே நடக்கவில்லை; அரசு நியமித்தவர்களே அவற்றை நடத்திவருகின்றனர்.

வளர்ச்சிப் பணிகளில் நிலைத்தவை, பாடா எனப்படும் சிற்றூரிலிருந்து தொடங்கியவை. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு அமைந்த பாடா வளர்ச்சிக் குழுக்கள், பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதைத் தாங்களே முடிவு செய்தன. சில ஊர்கள் அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களுக்காக நெல் வங்கி அமைத்தன. சில கால்நடை வாங்கின. யுனிசெஃப் ஆதரவில் பெருகிய பாடா மையங்கள் 4,000க்கும் அதிகம். அங்கே குழந்தைகளுக்குக் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்களே. 2017இல் சக்மா, மர்மா, திரிபுரா குழந்தைகளுக்குத் தாய்மொழிப் பாடநூல்கள் அச்சாகி வந்தன. அவற்றைப் படித்துக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் போதவில்லை.

எல்லோரையும் உள்ளடக்குவதில் பெரிய குறை பெண்களுக்கு இடமளிப்பதிலேயே. வட்டாரக் கவுன்சிலின் 22 இடங்களில் அவர்களுக்கு ஒதுக்கியவை 3. மௌசா எனப்படும் ஊர்த்தொகுதியின் தலைவரான ஹெட்மேன், ஊர்த் தலைவரான கார்பாரி ஆகிய மரபுப் பதவிகளில் ஆண்களே மிகுதி. சக்மா வழக்கில் மகன் இருந்தால் மகளுக்குச் சொத்து சேர்வதில்லை. அரசை நோக்கி உரிமை கேட்கும் சமூகம் இதையும் திருத்தியாக வேண்டும்.

போரின் வேரான நிலத் தகராறுகளைத் தீர்க்க வேண்டிய நில ஆணையத்துக்கான சட்டம் 2001இல் இயற்றப்பட்டு, பழங்குடித் தரப்பின் நீண்ட வலியுறுத்தலுக்குப் பின் 2016இல் திருத்தப்பட்டது. அதன்பின் ஆணையத்துக்கு 20,000க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. விசாரணைக்கு வேண்டிய விதிமுறைகள் வகுக்கப்படாமல் அவை ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தன.