சுற்றுச்சூழல் சட்ட வல்லுநர், மாணவர் அமைப்புகள்

காற்று, நீர், நிலம், காடு, கடல் ஆகியவற்றைக் காக்கும் சட்டங்களில் பணியாற்றும் வழக்கறிஞர்களும் சட்ட ஆசிரியர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் தமக்குள் அமைத்துக்கொண்ட சங்கங்கள், கூட்டணிகள், ஆய்வு மையங்கள் ஆகியவற்றின் பொதுப்பெயர் இது. இவற்றில் பெரும்பாலானவை 1960களின் பிற்பகுதி முதல் தோன்றியவை. ஒரு கிணறு கெட்டுப்போனதற்கு யார் பொறுப்பு என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கச் சட்ட அறிவோடு வேதியியலும் நீரியலும் மருத்துவமும் வேண்டும். பல ஆண்டு காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். தனியொரு வழக்கறிஞரால் இவ்வளவையும் சுமக்க முடியாது. அந்த இயலாமையிலிருந்தே இவ்வமைப்புகள் பிறந்தன.

வகைகள்

இவ்வமைப்புகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை தொழில்முறைச் சங்கங்கள். ஆலைகளுக்காக வாதாடுபவரும் அரசுத் தரப்பினரும் ஊர்மக்களுக்காக வாதாடுபவரும் இவற்றில் ஒன்றாக அமர்ந்து சட்டத்தைக் கற்பர். இரண்டாம் வகை அறிஞர் வலையமைப்புகள். இவை மாநாடு, இதழ், சட்ட வரைவு ஆகியவற்றில் கருத்தூன்றுபவை. மூன்றாம் வகை பொதுநல வழக்கு அமைப்புகள். இவை பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பதைத் தம் கடமையாகவே அறிவித்துக்கொண்டவை. நான்காம் வகை மாணவர் சங்கங்கள். இவற்றைப் பயிற்சிக் களங்கள் என்று மட்டும் கருதுவது தவறு. இத்துறையின் முக்கியமான நிறுவனங்கள் பலவற்றுக்கு மாணவர்களே வித்திட்டனர்.

தொடக்கம்

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஸ்டார்ம் கிங் மலையில் மின்நிலையம் அமைக்கும் திட்டத்தை எதிர்த்த வழக்கில், 1965இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குடிமக்கள் குழுவின் பக்கம் நின்றது. பண இழப்பு ஏதுமில்லாதவர்களும் ஓர் இடத்தின் அழகையும் இயற்கையையும் காக்க நீதிமன்றப் படியேறலாம் என்ற கருத்து இதன்மூலம் வலுப்பெற்றது. அடுத்த ஆண்டு லாங் ஐலண்டில் கொசுவை ஒழிக்க டி.டி.டி. தெளிப்பதைத் தடுக்க வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்கறிஞர் விக்டர் யானகோனும் அவரோடு நின்ற அறிவியலாளர்களும் 1967இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியத்தை நிறுவினர். சட்டமும் அறிவியலும் ஒரே மேசையில் அமரும் முறை இங்கே உருவெடுத்தது.

1969 இத்துறைக்குத் திருப்புமுனை ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பரில் வர்ஜீனியாவின் ஏர்லி ஹவுஸில் சட்ட வல்லுநர்கள் கூடிச் சுற்றுச்சூழல் சட்டத்தைத் தனித் துறையாக வளர்ப்பது குறித்து ஆராய்ந்தனர். அதன் விளைவாக டிசம்பரில் சுற்றுச்சூழல் சட்ட நிறுவனம் தோன்றியது. அதே ஆண்டு புது டெல்லியில் பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்ட மன்றமும் நிறுவப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பொதுப்பேரவை அங்கே கூடியிருந்த காலம் அது. ஜெர்மானியச் சட்ட அறிஞர் வொல்ஃப்காங் புர்ஹென்னே இதற்கு முன்னின்றார். அடுத்த ஆண்டு அவ்வொன்றியம் பான் நகரில் சட்ட மையம் ஒன்றைத் திறந்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 1973ஆம் ஆண்டு ஒப்பந்தம் உருவானதில் இந்த வட்டத்தாரின் உழைப்பு பெரிது.

மாணவர்கள் தொடங்கியவை

யேல் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சில மாணவர்கள் சுற்றுச்சூழலுக்கென ஒரு பொதுநலச் சட்ட அமைப்பு வேண்டும் என்று திட்டமிட்டனர். ஸ்டார்ம் கிங் வழக்கில் ஈடுபட்ட மூத்தவர்களோடு அவர்கள் கைகோத்ததில் 1970இல் இயற்கைவளப் பாதுகாப்பு மன்றம் பிறந்தது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் சட்ட மாணவர்கள் அதே ஆண்டில் சுற்றுச்சூழல் சட்டத்துக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினர். பெர்க்லி மாணவர்களின் சூழலியல் சட்ட இதழ் 1971இல் வெளிவந்தது. அன்றைய நீதிமன்றங்களுக்குப் பழக்கமில்லாத வாதங்களை முதலில் எழுதிப்பார்த்த பட்டறைகள் இவ்விதழ்கள்தாம்.

வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் ஐவர் ‘ஸ்கிராப்’ என்ற சுருக்கப் பெயரில் ஒரு குழு அமைத்தனர். இரயில் சரக்குக் கட்டண உயர்வால் மறுசுழற்சிப் பொருள்களுக்கு விலை கூடும். அதனால் அவற்றின் பயன்பாடு குறைந்து, காடும் கனிமமும் மேலும் அழியும். தாங்கள் உலாவும் காடுகளும் ஓடைகளும் கெடும் என்பது அவர்களது வாதம். கட்டண உயர்வைத் தடுத்து நிறுத்த அவர்களால் இயலவில்லை. ஆனால் வழக்குத் தொடுக்கும் தகுதி அவர்களுக்கு உண்டு என்று 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. வழக்குத் தகுதி பற்றிய பாடத்தில் அத்தீர்ப்பு இன்றும் படிக்கப்படுகிறது.

யூஜீன் நகரும் உலகக் கூட்டணியும்

ஓரிகன் பல்கலைக்கழகம் அமைந்துள்ள யூஜீன் சிறிய நகரம். அங்கே சட்டப் பேராசிரியர்கள் ஜான் போனைனும் மைக்கேல் ஆக்ஸ்லைனும் மாணவர்களை உண்மையான வழக்குகளில் ஈடுபடுத்தும் சுற்றுச்சூழல் சட்ட உதவி மையத்தை நடத்தினர். ‘நிலம் காற்று நீர்’ என்ற மாணவர் சங்கத்தின் பொறுப்பில் 1983 முதல் பொதுநலச் சுற்றுச்சூழல் சட்ட மாநாடு ஆண்டுதோறும் கூடியது.

1989ஆம் ஆண்டு மாநாட்டை ஒட்டிப் பத்து நாடுகளின் வழக்கறிஞர்கள் கூடிப் பேசினர். ஒரு நாட்டில் தடைசெய்யப்பட்ட நச்சு இன்னொரு நாட்டுக்குப் போகிறது, ஓர் ஊரில் நிறுத்தப்பட்ட சுரங்க முறை வேறோர் ஊரில் தொடங்குகிறது என்பது அவர்கள் அனைவரின் அனுபவமாகவும் இருந்தது. நிறுவனங்கள் எல்லை கடந்து இயங்கும்போது, அவற்றை எதிர்கொள்ளும் வழக்கறிஞர் மட்டும் தம் ஊர்ச் சட்டப் புத்தகத்தோடு தனித்து நிற்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தனர். உலகளாவிய சுற்றுச்சூழல் சட்டக் கூட்டணி இவ்வாறு தோன்றியது. இதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் ‘ஈலா’. இன்று 70க்கும் மேற்பட்ட நாடுகளில் இதன் தோழமை வழக்கறிஞர்கள் உள்ளனர்.

கூட்டணி நேரடியாக வாதாடுவதில்லை; வழக்கு அந்தந்த நாட்டு வழக்கறிஞர் கையிலேயே இருக்கும். ஓர் அணைக்கோ அனல்மின் நிலையத்துக்கோ அளிக்கப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை அவரிடம் வந்து சேர்ந்தால், அதன் ஓட்டைகளை யூஜீனில் உள்ள அறிவியலாளர்கள் எடுத்துக்காட்டுவர். இதையொத்த வழக்கில் பிறநாட்டு நீதிமன்றம் என்ன சொன்னது என்பதைத் தேடி அனுப்புவர். பலநூறு பக்க அறிக்கையைப் படித்து மறுக்க நிபுணர்க்குப் பணம் தர இயலாத மீனவக் குப்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி அரிது.

ஆசியாவில்

பிலிப்பைன்ஸில் அந்தோனியோ ஒபோசா, 40க்கும் மேற்பட்ட சிறார்களின் பெயராலும் இனிப் பிறக்கப்போகும் தலைமுறைகளின் பெயராலும் காடுவெட்டும் உரிமங்களை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கதேசத்தில் மொஹியுத்தீன் ஃபாரூக் 1992இல் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் சங்கத்தை நிறுவினார். வெள்ளத்தடுப்புத் திட்டம் ஒன்றை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், பொதுநல அக்கறை கொண்டவர் நேரடிப் பாதிப்பு இல்லாமலேயே வழக்காடலாம் என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டே அவர் மறைந்தார். ஆனால் சங்கம் நிலைத்தது. ரிஸ்வானா ஹசன் தலைமையில் கப்பல் உடைக்கும் துறையின் நச்சுக் கழிவுகளை எதிர்த்துப் போராடியது. 2009இல் அவருக்குக் கோல்ட்மன் பரிசு கிடைத்தது.

சீனத்தில் பேராசிரியர் வாங் கான்ஃபா 1998இல் மாசினால் பாதிக்கப்பட்டோருக்கான சட்ட உதவி மையத்தைப் பெய்ஜிங்கில் தொடங்கினார். அதன் தொலைபேசி உதவிச் சேவையில் சட்ட மாணவர்கள் தொண்டர்களாக அமர்ந்து, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த குறைகளைக் கேட்டனர். இந்தியாவில் காடு, சுரங்கம், அணை தொடர்பான வழக்குகளில் எளிய மக்களுக்குத் துணைநிற்கும் ‘லைஃப்’ அமைப்பை ரித்விக் தத்தாவும் ராகுல் சௌத்ரியும் 2005இல் தொடங்கினர். 2021இல் அவ்வமைப்புக்கு மாற்று நோபல் எனப்படும் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது வழங்கப்பட்டது.

தமிழ்நாடும் இலங்கையும்

சென்னையில் 1985இல் தொடங்கப்பட்ட நுகர்வோர் செயற்குழு, நுகர்வோர் உரிமையோடு நகரச் சூழலையும் தன் பொறுப்பாகக் கொண்டது. 1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றுப்போனதை வேளாண் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. தோல் ஆலைகள் உள்ள திண்டுக்கல் வட்டாரத்திலும் 13 ஊர்களில் 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. இவ்வெண்களை ஊர் ஊராகச் சென்று திரட்டியவர்களின் உழைப்பு இல்லையேல் வாதமே இல்லை. 1996 ஆகஸ்டு 28இல் வந்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதிகளாக அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘பசுமை அமர்வு’ அமைக்கவும் வழிசெய்தது. மனுதாரருக்காக வாதாடிய எம்.சி. மேத்தாவுக்குத் தமிழ்நாடு அரசு 50,000 ரூபாய் வழங்கவும் பணித்தது. ஐந்தாண்டு வழக்கின் கட்டணமும் கைச்செலவும் அதிலேயே அடங்கும்.

2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உருவானது. அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குவதால், தென்னக ஊர்களின் குறைகள் டெல்லி வரை போக வேண்டிய தேவை குறைந்தது. இத்துறையில் இளம் வழக்கறிஞர்கள் தொழில் பழகவும் களம் கிடைத்தது.

இலங்கையில் சுற்றுச்சூழல் மன்றம் 1981இலேயே தோன்றிவிட்டது. சூழலியல் அமைப்புகள் நீதிமன்றம் செல்லும் மரபு அங்கே வேரூன்றியதன் பயனை யாழ்ப்பாணமும் கண்டது. சுன்னாகம் மின்நிலையத்திலிருந்து கசிந்த எண்ணெயால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. வற்றாத ஆறில்லாத குடாநாட்டுக்கு நிலத்தடி நீரே உயிர். தென்னிலங்கையைச் சேர்ந்த சூழலியலாளர் ரவீந்திர காரியவசம் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க 2019இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. போரின் வடு ஆறாத மண்ணில், மொழி கடந்து ஒருவர் இன்னோர் ஊரின் கிணற்றுக்காக வழக்காடியது நினைவில் வைக்கத் தக்கது.

பசிபிக் மாணவர்கள்

வனுவாட்டுத் தலைநகர் போர்ட் விலாவில் உள்ள தென்பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் 2019இல் 27 சட்ட மாணவர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். கடல்மட்டம் உயர்வதால் தம் தீவுகள் அழியும் நிலையை உலக நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். வனுவாட்டு அரசு அதைத் தன் கோரிக்கையாக ஏற்றது. 2023 மார்ச் 29இல் ஐ.நா. பொதுச்சபை அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. 2025 ஜூலை 23இல் பன்னாட்டு நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரை வழங்கி, காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றது. வகுப்பறையில் எழுந்த எண்ணம் ஆறே ஆண்டுகளில் ஹேக் நகர நீதிமன்றத்தை எட்டியது.

இடர்களும் தேவையும்

தொழில்முறைச் சங்கங்களில் ஆலைத் தரப்பும் மக்கள் தரப்பும் ஒன்றாக இருப்பதால் அவை கடினமான நிலைப்பாடுகளை எடுக்கத் தயங்குகின்றன. பொதுநல அமைப்புகளுக்கு நிதி நிலையாகக் கிடைப்பதில்லை. பல நாடுகளில் இத்துறையினர் அச்சுறுத்தலுக்கும் ஆளாகின்றனர். இலத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளின் எஸ்காசு ஒப்பந்தம் சூழல் காப்போரைப் பாதுகாக்கும் கடமையை அரசுகளுக்கு விதித்து 2021இல் நடைமுறைக்கு வந்தது.

எல்லாவற்றிலும் பெரிய இடர் காலம். 1996இல் தீர்ப்பு வந்த பாலாற்று வழக்கின் தொடர்ச்சியாக, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு தரும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இம்முறை அதன் முன் நின்றது வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு. முதல் மனுவுக்கும் இந்த ஆணைக்கும் இடையே 34 ஆண்டுகள். ஒரு வழக்கறிஞரின் முழுத் தொழில்வாழ்வு அதில் அடங்கிவிடும். முதல் மனு பதிவான நாளில் பிறந்தே இராதவர்கள் இன்று சட்டம் படித்துக்கொண்டிருக்கிறார்கள். தீர்ப்பின் தாளை அவர்கள் கையில் சேர்த்து, அது நிறைவேறும்வரை வழக்கைக் கைவிடாமல் கொண்டுசெல்லும் பொறுப்பை இவ்வமைப்புகளே சுமக்கின்றன.