ரைட்டரும் யூசர், எடிட்டரும் யூசர்: உறவுக்குப் பேர் வெச்ச கதை

ஒரு நியூஸ் சைட்டுக்கு பேக்-எண்ட் எழுதுறீங்கன்னு வைங்க. கட்டுரைகளுக்கு ஒரு டேபிள். எழுதினவரும் யூசர்தான், திருத்தினவரும் யூசர்தான். கட்டுரைக்கு இவ்வளவுன்னு காசு எழுதினவருக்குத்தான் போகணும். 'யூசர்'னு ஒரே பேர் இருந்தா, யாருக்குக் கொடுப்பீங்க?

லாரவெல்ல வேலை பார்க்கிறவங்க ஒரு நாள் இங்க வந்து முட்டுவாங்க. ஆனா இந்தச் சிக்கல் லாரவெலை விட நாற்பது வருஷம் மூத்தது. 1970 ஜூன்ல, ஐபிஎம்ல இருந்த எட்கர் காட் ரிலேஷனல் மாடல் பத்தி ஒரு கட்டுரை எழுதுறார். அதுல ஒரு உதாரணம்: இந்த பார்ட், அந்த பார்ட்டோட உறுப்பு, இத்தனை தேவை. ரெண்டு ஃபீல்டுக்கும் பேர் 'பார்ட்'. எது உள்ள, எது வெளிய? அது ஏற்கிற ரோலை முன்னாடி ஒட்டுங்கன்னார் காட்: சப் பார்ட், சூப்பர் பார்ட். இதுக்கு அவர் வெச்ச பேரு 'ரோல் நேம்'.

2004ல ரூபி ஆன் ரெயில்ஸ் வந்து, பேரை வெச்சே மத்ததை யூகிக்கிற பழக்கத்தைப் பிரபலமாக்குச்சு. பிஎச்பிக்கும் அது தொத்திக்கிச்சு. 2011ல டெய்லர் ஆட்வெல் லாரவெலை வெளியிட்டார். அதோட ஓஆர்எம் எலொக்வென்ட்ல, கட்டுரை மாடல்ல 'ரைட்டர்'னு மெத்தட் எழுதி உள்ள பிலாங்ஸ்-டு போட்டா, அது டீபக் பேக்ட்ரேஸைப் பார்த்து "என்னைக் கூப்பிட்டது எந்த மெத்தட்?"னு கண்டுபிடிக்கும். ரைட்டரா? அப்போ ஃபாரின் கீ 'ரைட்டர் ஐடி'. பிழை தேடுற கருவியில உறவு தேடுறாங்க! குறும்புதான், ஆனா எனக்குப் பிடிக்கும்.

மறுபக்கம்தான் வில்லங்கம். யூசர் மாடல்ல 'எழுதிய கட்டுரைகள்'னு ஹேஸ்-மெனி போட்டா, அது மெத்தட் பேரைப் பார்க்காது, கிளாஸ் பேரைப் பார்க்கும். தேடுறது 'யூசர் ஐடி'. அப்படி ஃபீல்டே இல்லைன்னா எரர் வரும், தப்பிச்சீங்க. பழைய டேபிள்ல, அப்லோட் பண்ணவரைக் குறிக்க யூசர் ஐடி ஏற்கெனவே இருந்தா? எரரே வராது. காசு அப்லோட் பண்ணவருக்குப் போகும். டெஸ்ட்ல எல்லாத்துக்கும் ஒரே யூசரை வெச்சிருந்தா கண்ணுலயும் படாது.

அதனால ரெண்டாவது ஆர்கியுமென்ட்ல 'ரைட்டர் ஐடி'யைக் கையால எழுதிடுங்க. பிலாங்ஸ்-டு பக்கமும்தான். நாளைக்கு டீம்ல ஒருத்தர் மெத்தட் பேரை 'ஆதர்'னு மாத்துவார். டேபிள்ல ஆதர் ஐடி கிடையாது. எலொக்வென்ட் வழக்கமா அதுக்குக் கத்தாது, அமைதியா நல் கொடுத்துட்டுப் போயிடும்.