விசாரித்தவரும் விண்ணப்பித்தவரும்: கல்லூரிச் சேர்க்கை வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் திருச்சி தில்லை நகரின் கிராஸ் தெருக்களில் நடந்தால், பயிற்சி மையங்களின் வாசலில் பெற்றோர் பேசுவது காதில் விழும். கட்-ஆஃப் எவ்வளவு, ரேங்க் எங்கே நிற்கும், இரண்டாம் ரவுண்டு வரை காத்திருக்கலாமா, துவாக்குடியில் இருக்கும் என்.ஐ.டி.யில் இயந்திரவியல் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் கிண்டியா என்று அந்தப் பேச்சு போகும். அதன் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எந்த அதிகாரியையும் அறியாத ஒரு வீட்டுப் பிள்ளையும் படிவம் நிரப்பி அனுப்பிவிட்டு, வெளியாகும் ஓர் எண்ணை வைத்துத் தன் இடத்தைத் தானே கணக்கிட முடியும் என்ற நம்பிக்கை அது. தமிழ்நாட்டில் இது எப்போது உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு 1951. செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்றது. அதையடுத்து அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4)ஆம் பிரிவு பிறந்தது. இந்த வரலாறு வாசகர் அறிந்ததே. இட ஒதுக்கீட்டின் வரலாற்றில் அது திருப்புமுனை என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. விண்ணப்பத்தின் வரலாற்றிலும் அதையே திருப்புமுனையாகக் கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்த வாசிப்பின் மூலம், ஏழு நீதிபதிகள் அமர்வுக்காக எஸ். ஆர். தாஸ் 1951 ஏப்ரல் 9 அன்று எழுதிய தீர்ப்பு. பின்வந்தோர் பலரும் அவர் வைத்த சட்டகத்துக்குள் நின்றே பேசுகிறார்கள். ஆகவே அவரோடுதான் வாதிட வேண்டியிருக்கிறது.

தாஸ் வரையும் சித்திரம் தெளிவானது. சென்னை மாநிலத்தில் நான்கு மருத்துவக் கல்லூரிகள், 330 இடங்கள். 17 இடங்கள் வெளிமாநிலத்தாருக்கு, 12 இடங்கள் அரசின் விருப்புரிமைக்கு. நான்கு பொறியியல் கல்லூரிகளில் 395 இடங்கள். 21 வெளிமாநிலத்தாருக்கு, 12 அரசின் விருப்புரிமைக்கு. எஞ்சியவை மாவட்டங்களின் நான்கு தொகுதிகளுக்குப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் 14 இடங்களுக்கு ஒரு சுற்று: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிஜனர் 2, ஆங்கிலோ-இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம் 1. கல்வியும் அரசுப் பணியும் ஒரு சிறு வட்டத்துக்குள் அடைபட்டிருந்த நிலையை உடைக்க எழுந்த நீண்ட போராட்டத்தின் விளைவு இந்தச் சுற்று. அதன் நியாயத்தை மறுப்பது என் நோக்கமில்லை. தாஸ் இதை அரசமைப்பின் 29(2)ஆம் பிரிவின் முன் வைத்து, சாதியின் காரணமாக மட்டுமே இடம் மறுக்கப்படுகிறது என்று முடித்தார்.

இந்தச் சித்திரத்தில் ஒரே ஒரு பத்தி ஒட்டாமல் நிற்கிறது. மனுதாரர் இருவர். சி. ஆர். சீனிவாசன் பொறியியலுக்கு விண்ணப்பித்தவர். விருப்பப் பாடங்களில் 450க்கு 369 மதிப்பெண் பெற்றவர். செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாக எங்கும் சொல்லவில்லை. விசாரித்தபோது, தாம் பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரியவந்தது என்பதே அவர் கூற்று. உயர் நீதிமன்றத்தில் இதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் அவர் மனு வென்றால் ஓர் இடம் ஒதுக்கித் தர மாநில அரசு ஒப்புக்கொண்டிருந்தது என்று உச்ச நீதிமன்றத்திடம் சொல்லப்பட்டது. தாஸ் அதோடு விஷயத்தை விட்டுவிட்டு, விண்ணப்பிக்காத ஒருவர் நீதிமன்றம் வருவதைத் தாங்கள் ஏற்றுக்கொண்டதாக யாரும் கருதிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையை மட்டும் சேர்த்தார்.

தாஸுக்கு இது ஒரு நடைமுறைக் குறை. எனக்கு, அந்தத் தீர்ப்பிலேயே வரலாற்றுச் செறிவு மிகுந்த இடம் இதுதான்.

தேதிகளைப் பாருங்கள். செண்பகம் துரைராஜன் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மனு அளித்தது 1950 ஜூன் 7. அவ்வாண்டு மருத்துவக் கல்லூரிகளுக்கான தேர்வு விதிகளை வகுத்த அரசாணை எண் 2208 வெளியானது ஜூன் 16. தாஸ் இரண்டு தேதிகளையும் தருகிறார், ஒன்றோடொன்று இணைக்கவில்லை. இணைத்தால் கிடைப்பது இது: விதி வெளியாவதற்கு 9 நாள் முன்பே, அந்த விதியின்படி தமக்கு என்ன நேரும் என்று ஒரு பெண்மணிக்குத் தெரிந்திருக்கிறது, அதை வைத்து வழக்கும் தொடுத்துவிட்டார். 1948ஆம் ஆண்டு ஆணையின் விகிதமே திரும்ப வரும் என்பதை விசாரித்தவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஜூன் 16 ஆணையும் ஏறத்தாழ அப்படியே அந்த விகிதத்தைத் திரும்ப எழுதியது.

இதிலிருந்து நான் எட்டும் முடிவு, அன்றைய சேர்க்கை முறையில் விசாரிப்பே விண்ணப்பத்தின் முதல் படி என்பது. யார் எந்தத் தொகுதி, அதில் எத்தனை இடம், விருப்புரிமை இடங்களுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் படிவத்துக்கு முன்பே பேசி அறியப்பட்டன. தோற்பது உறுதி என்று தெரிந்தவர் படிவத்தையே தொடவில்லை. மாநில அரசும் அப்படித்தான் நடந்துகொண்டது. விண்ணப்பிக்காத ஒருவருக்கு இடம் ஒதுக்குவதாக அது வாக்களித்தது என்றால், இடம் தருவதற்குப் படிவம் இன்றியமையாதது என்று அரசே கருதவில்லை என்றுதானே பொருள்?

இதற்கு மறுப்பு உண்டு. இது ஒரு கொள்கையைச் சோதிக்கவே தொடுக்கப்பட்ட வழக்கு, விசாரிப்பு என்பது வழக்கறிஞர் எழுதிச் சேர்த்த வாசகம் என்று சொல்லலாம். அவ்வாண்டு விண்ணப்பம் பெறும் கடைசி நாள் எது என்பது தீர்ப்பில் இல்லாததால், 9 நாள் இடைவெளியை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்ற கேள்வியும் நிற்கும். ஏற்கிறேன். ஆயினும், வழக்குக்காகவே எழுதப்பட்ட வாசகமானாலும், கேட்பவர் நம்பக்கூடியதைத்தான் எழுதியிருப்பார்கள். விசாரித்து அறிந்தேன் என்பதை முழு அமர்வில் இருந்த மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகளும் அரசின் வழக்கறிஞரும் கேள்வியின்றி ஏற்றார்கள். அவர்கள் ஊர் நடப்பு அறிந்தவர்கள்.

அதே 1950இல் திருச்சியிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. ராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் அவ்வாண்டு புனித வளனார் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்தார். இரண்டாண்டு முடிந்தபின் பி.எஸ்சி. இயற்பியலைத் தொடர்ந்தார். இன்டர்மீடியட் முடித்த உடனே பொறியியலுக்குப் போயிருக்கலாம் என்பது பட்டப்படிப்பின் இறுதியில்தான் தமக்கு உறைத்தது என்று ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் நினைவுகூர்கிறார். பிறகு சென்னை எம்.ஐ.டி.யின் தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தது. கட்டவேண்டிய ஆயிரம் ரூபாய் அளவிலான தொகைக்குத் தமக்கை சோஹரா நகைகளை அடகு வைத்தார். நகை அடகுவைத்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். இழந்த இரண்டாண்டை யாரும் சொல்வதில்லை. பொறியியலுக்குப் போகும் வழி இன்டர்மீடியட்டோடு திறக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, 29(2) என்ன உரிமை தந்தாலும், விண்ணப்பம் என்ற ஒன்று கண்ணிலேயே படவில்லை. ஒரே காலகட்டத்தில் ஒருவர் விசாரித்து, கிடைக்காது என்று அறிந்தார்; இன்னொருவர் விசாரிக்க ஆளின்றி, கிடைக்கும் என்பதையே அறியாமல் போனார். விசாரிப்பு ஒரு சொத்து. அந்தச் சொத்தின் பங்கீட்டைத் தீர்ப்பு தொடவில்லை.

1951க்குப் பிறகும் தடுப்புச் சுவர்கள் நின்றன என்பதற்குச் சான்று திரளாகவே உண்டு. இங்கே விரைந்து சொல்கிறேன். மருத்துவ இடங்களை மாவட்ட மக்கள்தொகைப்படி பிரிக்கும் விதியை பி. ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968 ஜனவரியில் நீக்கியது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை அதே தீர்ப்பில் ஏற்றது. அதுவரை ஒரு மாணவரின் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு என்பது மாவட்ட எல்லையின் எந்தப் பக்கம் வீடு இருக்கிறது என்பதையும் பொறுத்திருந்தது. மாவட்டச் சுவர் போனதும் கல்லூரிச் சுவர் முளைத்தது. 1970-71 சேர்க்கையில் மருத்துவக் கல்லூரிகள் ஆறு அலகுகளாயின: சென்னை நகரக் கல்லூரிகள் சேர்ந்து ஓர் அலகு, வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றும் ஓர் அலகு. ஒருவர் ஓர் அலகுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத் தேர்வுக்கு. அதுவும் ஒருவருக்குச் சுமார் மூன்று நிமிடம்.

அரசு மருத்துவக் கல்லூரி 1990களின் பிற்பகுதியில்தான் திருச்சிக்கு வந்தது. 1970இல் ஸ்ரீரங்கத்து மாணவர் ஒருவர் தஞ்சாவூரா, மதுரையா, சென்னையா என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த அலகில் கூட்டம் குறைவு என்று கணித்தவர் தப்பினார். கனவுக் கல்லூரியைக் குறிவைத்தவர், வேறோர் அலகில் தம்மைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார். இங்கேயும் வென்றது விசாரிப்பே. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970 செப்டம்பரில் இந்த அலகு முறையைச் செல்லாது என்றது; நேர்முகத் தேர்வு நடத்தப்பட்ட விதத்தையும் கண்டித்தது. இடம் கிடைக்காதவர்களை மாநில அளவில் ஒரே பட்டியலாகப் பரிசீலித்து 24 இடங்களை நிரப்பச் சொன்னது. என் கணிப்பில், விண்ணப்பத்தின் வரலாற்றுக்கு 1951ஐவிட இந்த 24 இடங்கள் முக்கியமானவை. மாநிலம் முழுவதற்கும் ஒரே வரிசை என்ற எண்ணம் சிறிய அளவிலேனும் நடைமுறைக்கு வந்தது அவற்றில்தான்.

அதன்பின் நேர்ந்த மாற்றத்துக்கு ஒற்றை ஆண்டைக் குறிப்பது இயலாது. 1970க்கும் 1997க்கும் இடையில் அது படிப்படியாக நடந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்து, புகுமுக வகுப்பு கல்லூரியிலிருந்து பள்ளிக்கு இறங்கியது. திருச்சியில் இதன் விளைவு பெரிது. அதுவரை புனித வளனார், தேசியக் கல்லூரி, ஜமால் முகமது போன்ற ஒரு சில கல்லூரிகளுக்குள் நுழைந்தவரே தொழிற்கல்விக்குப் போக முடியும். 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ தேர்வு எழுதப்பட்டபின் துறையூர், மணப்பாறைப் பள்ளிகளிலும் அதே மதிப்பெண் பட்டியல் கிடைத்தது. 1984-85இல் நுழைவுத் தேர்வு வந்தது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, நுழைவுத் தேர்வு 100 என்று 300க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் வீட்டுப் பேச்சாயிற்று. 1997இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் கிண்டிக்குப் போய், திரையில் குறைந்துகொண்டே வரும் இடங்களைப் பார்த்து, தன் முறை வந்ததும் ஒன்றைத் தேர்ந்த தலைமுறை திருச்சியில் பெரிது. யாரையும் விசாரிக்க வேண்டிய தேவை அந்தத் திரையின் முன்னால்தான் தீர்ந்தது. திரையில் இருந்த எண்ணே கல்லூரியின் சொல். அதற்குப் பின்னால் வேறு சொல் இல்லை.

இங்கே ஒரு சிக்கல். நுழைவுத் தேர்வு கிராமத்து மாணவருக்குத் தடை என்பதால் அதை நீக்க 2005இலும் 2006 தொடக்கத்திலும் எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டி இயற்றிய சட்டத்தின்படி 2007இல் அது நீங்கியது. கட்-ஆஃப் 200க்கு வந்தது. தேர்வு வரலாற்றை மட்டும் எழுதுவோர் இதைப் பெரிய முறிவாகக் காட்டுகிறார்கள். விண்ணப்பம் செய்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் தொடர்ச்சியே தெரிகிறது: எண்ணைக் கணக்கிடும் முறை மாறியது, எண் எல்லோருக்கும் தெரியும் என்பது மாறவில்லை. 2010இலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை சேர்ந்ததும் இந்தத் தொடர்ச்சியின் பகுதியே.

துவாக்குடிக் கல்லூரியின் பாதை வேறு. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியபோதே இடங்களில் பாதி தமிழ்நாட்டுக்கு, பாதி பிற மாநிலங்களுக்கு. 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமானது. ஏ.ஐ.இ.இ.இ., 2013 முதல் ஜே.இ.இ. மெயின் என்று அதன் வாசல் அகில இந்தியத் தேர்வுக்கு மாறியது. சொந்த மாநிலப் பாதி இன்றும் உண்டு. ஆனால் ரேங்கைத் தருவது பள்ளித் தேர்வு இல்லை. தில்லை நகரில் எட்டாம் வகுப்பிலேயே பயிற்சி தொடங்கும் குடும்பங்களை இங்கே நினைக்க வேண்டும். எந்த மையம், எந்தப் பாடத்தொகுப்பு, எத்தனையாம் வகுப்பில் தொடங்குவது, இடம் கிடைத்தபின் அதையே உறுதிசெய்வதா (ஃப்ரீஸ்), மேலான இடத்துக்குக் காத்திருப்பதா (ஃப்ளோட்) என்பதெல்லாம் மறுபடியும் விசாரித்து அறியவேண்டியவையாகிவிட்டன. பட்டியல் வெளிப்படையானது, பட்டியலுக்குப் போகும் வழி அறிந்தவரிடம் கேட்டு அறியவேண்டியது.

மருத்துவச் சேர்க்கையில் இந்த நிலை 2017இல் ஓர் உயிரைப் பறித்தது. பழைய திருச்சி மாவட்டத்தின் பகுதியான அரியலூரில், குழுமூர் அனிதா பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 எடுத்தார். தமிழ்நாடு பல பத்தாண்டுகளில் கட்டிய வரிசையில் அந்த எண்ணுக்கு இடம் இருந்தது. அகில இந்திய நுழைவுத் தேர்வான நீட் வந்த ஆண்டில் அந்த வரிசையே இல்லாமல் போனது. உச்ச நீதிமன்றம் வரை சென்று, செப்டம்பர் 1 அன்று இறந்தார். 1950இல் விதி வெளியாகும் முன்பே ஒருவர் முடிவை அறிந்திருந்தார். 2017இல் மதிப்பெண் வெளியான பின்னும் ஒரு மாணவியால் முடிவை அறிய முடியவில்லை. அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு இந்த இடைவெளியில் ஒரு பகுதியை மூடுகிறது, முழுவதையும் இல்லை.

இந்த வாசிப்பை உறுதிசெய்யவோ மறுக்கவோ கூடிய சான்று நீதிமன்றத் தொகுப்புகளில் அதிகம் இல்லை. அது சேர்க்கைப் பதிவேடுகளிலும், நேர்முக அழைப்புக் கடிதங்களிலும், நிராகரிப்பு அஞ்சலட்டைகளிலும், 1997க்குப் பிந்தைய கலந்தாய்வு அழைப்புத் தாள்களிலும் இருக்கிறது. திருச்சியின் பழைய கல்லூரிகள் தம் பதிவேடுகளைக் கழித்துவிடாமல் காக்க வேண்டும். ஆய்வாளருக்குத் திறந்துவிடவும் வேண்டும். ஸ்ரீரங்கம், உறையூர், தில்லை நகர் வீடுகளில் அப்பாவின் பெட்டியில் அத்தகைய தாள் ஒன்று இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிடம் கொடுங்கள்.