ஆள் இருந்தால் கயிறு எதற்கு?

மனநல வார்டுக்குப் புதிதாக வரும் உதவியாளர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். எடுத்த எடுப்பில் வரும் கேள்வி, "சிஸ்டர், அடிக்க வந்தா எப்படிப் பிடிக்கிறது?" என்பதுதான். பிடியைக் காட்டுவதற்கு முன் லிங்கன் நகரத்துக் கதையைச் சொல்லிவிடுவேன்.

இங்கிலாந்தில் இருக்கும் ஊர் அது. 1829இல் அங்கிருந்த மனநோய் விடுதியில் ஒரு நோயாளிக்கு இறுக்குச் சட்டை மாட்டி, ராத்திரி கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் காவலுக்கு ஒருவரும் இல்லை. காலையில் அவர் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு, இரவில் யாரையாவது கட்டினால் அந்த அறையில் ஓர் ஊழியர் கண்விழித்து இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. விடிய விடிய ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும் என்றானதும், கட்டியே தீர வேண்டிய நோயாளிகள் குறைந்துபோனார்கள்! 1835இல் அங்கே மருத்துவராகச் சேர்ந்த ராபர்ட் கார்டினர் ஹில், சில ஆண்டுகளிலேயே கட்டுகளை அறவே ஒழித்தார். அதற்கு ஈடாக அவர் கேட்டது போதிய ஊழியர்களை. உயரமும் உடல்வலுவும் உள்ளவர்களாக, இரவுக்கும் பகலுக்கும்.

லண்டனை ஒட்டிய ஹான்வெல் மனநோய் விடுதியில் ஏறத்தாழ 800 நோயாளிகள். 1839 ஜூனில் பொறுப்பேற்ற ஜான் கொனாலி, செப்டம்பருக்குள் அங்கும் கட்டுகளை நிறுத்திக் காட்டினார். தனியறையில் அடைப்பது மட்டும் தொடர்ந்தது. விடுதி ஊழியர்களுக்குப் பாடம் என்று ஒன்று வர இன்னும் காலம் பிடித்தது. 1854இல் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் டாக்டர் பிரௌன் அவர்களுக்கு விரிவுரைகள் நடத்தினார்; 1885இல் அவர்களுக்கென்றே கையேடு வந்தது.

1980களில் பாதை திரும்பியது. சிறைக் காவலர்கள் பழகிய பிடிமுறைகளை இங்கிலாந்தின் மனநல மருத்துவமனைகளும் கற்றுக்கொண்டன. 1998 அக்டோபரில் நார்விச் நகர மனநல மருத்துவமனை ஒன்றில், 38 வயது டேவிட் பென்னட் என்ற கறுப்பினத்தவரை இன்னொரு நோயாளி நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார். வேறு வார்டுக்கு மாற்றப்பட்டவரோ பென்னட்தான். ஆத்திரத்தில் ஒரு செவிலியரை அடித்தார். ஊழியர்கள் அவரைக் குப்புறப் போட்டு அழுத்தினார்கள், ஏறக்குறைய 25 நிமிடம். இறந்துபோனார். குப்புற அழுத்துவது 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று விசாரணைக் குழு சொன்னது. என் வகுப்பில் அந்த 3 நிமிடமும் கிடையாது. பிடித்தே ஆக வேண்டுமென்றால் முகம் மேலே இருக்க வேண்டும்; மூச்சைக் கவனிப்பது மட்டுமே ஒருவரின் வேலை.

அதற்கு முன் செய்ய வேண்டியவைதான் ஏராளம். கை எட்டாத தூரத்தில் பக்கவாட்டாக நிற்பது. வாசலை மறிக்காமல் இருப்பது. நால்வர் கூடினாலும் ஒருவர் மட்டும் பேசுவது. எதற்குக் கோபம் என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருப்பது. பென்னட்டுக்கு அந்தக் கேள்விதான் தேவைப்பட்டது என்று நான் நம்புகிறேன்.

நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை பற்றி எரிந்தபோது, சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டி யாரையும் கட்டக் கூடாது என்றும் சொல்கிறது. இரவு ஷிஃப்டுக்கு இன்னோர் ஆள் கேட்டு எழுதும் கடிதத்தில் அந்தப் பிரிவின் எண்ணையும் போடச் சொல்லித் தருகிறேன்: 97.