தொட்டிலுக்கு என்ன பூசுவது?

மாப்பிள்ளை தன் கையாலேயே தேக்கில் ஒரு தொட்டில் செய்து முடித்துவிட்டார். முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன் நான் என்பதால், "மாமா, இதுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம்?" என்று என்னைக் கேட்டார். பல் முளைக்கிற குழந்தை எழுந்து நின்றதும் முதலில் கடிப்பது தொட்டிலின் மேல்சட்டத்தைத்தான். ஆகவே கேள்வி சின்னதில்லை. இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது.

கதை ஆரம்பிப்பது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில். அங்கே அந்தக் காலத்து வீடுகள் பெரும்பாலும் மரத்தால் கட்டியவை. வீட்டைச் சுற்றி வராந்தா, வராந்தாவுக்கு மரக் கிராதி, கிராதிக்கு வெள்ளை பெயிண்ட். ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகள் சிலருக்கு வயிற்று வலி, கை கால் தொய்வு, பார்வைக் கோளாறு. இது ஈய விஷம் என்று ஜெஃப்ரிஸ் டர்னர் என்ற மருத்துவர் 1892ல் சொன்னார். ஆனால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடவில்லை. 1904ல் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர்தான் கிராதியைக் காட்டினார். வெயிலில் காய்ந்த பெயிண்ட் மாவாக உதிர்கிறது. பிள்ளைகளின் கையில் ஒட்டுகிறது. நகம் கடிக்கிற, விரல் சூப்புகிற பிள்ளைகளுக்கு வயிற்றுக்குள் போய்விடுகிறது. சக மருத்துவர்களிலேயே பலர் இதை நம்பவில்லை. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈய பெயிண்ட் கூடாது என்று குவீன்ஸ்லாந்தில் சட்டம் வந்தது 1922ல். பதினெட்டு வருஷம்!

இதற்கிடையில் 1914ல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனதை இரண்டு மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். அவன் கடித்துத் தின்றது தன் கட்டிலின் கம்பியில் இருந்த வெள்ளை பெயிண்டை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஈயம் என்றதும் நம் வீட்டுப் பெண்கள் ரசம் வைக்கிற ஈயச்சொம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். பெயிண்டில் இருந்தது காரீயம். அதன் உப்பு ஒன்று பால் போல வெளுப்பாக இருக்கும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினால் நன்றாக மறைக்கும், வருஷக்கணக்கில் உழைக்கும். பளிச்சென்ற மஞ்சளுக்கும் காரீயம்தான், செந்தூரச் சிவப்புக்கும் காரீயம்தான். எண்ணெய் சீக்கிரம் காய வேண்டுமென்று மிருதார்சிங்கி போட்டுக் காய்ச்சினார்களே, அதுவும் காரீயம். போதாததற்கு இந்த உப்புகளில் சில நாக்குக்கு இனிக்கும். குழந்தை விடுமா?

1921ல் ஜெனீவாவில் உலகத் தொழிலாளர் அமைப்பு வெள்ளை ஈய பெயிண்டைக் கட்டுப்படுத்த ஓர் உடன்படிக்கை செய்தது. அது பெயிண்ட் அடிக்கிற தொழிலாளியைக் காப்பாற்ற. குழந்தையை யாரும் நினைக்கவில்லை. அமெரிக்கா வீட்டு உபயோகத்துக்கு ஈய பெயிண்டைத் தடை செய்தது 1978ல். நம் நாட்டில் 2016ல் விதி போட்டு, 2017 நவம்பர் முதல் அமல்படுத்தினார்கள். வீட்டு பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. கிப்சன் சொல்லி 113 வருஷம் ஆகியிருந்தது. நம்மவர்கள் தாமதித்ததற்கு எந்தச் சமாதானமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. விஞ்ஞானம் கைவசம் இருந்தது, அக்கறைதான் இல்லை.

மாப்பிள்ளைக்கு நான் சொன்னது அரக்கு. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகையால் கெட்ட பெயர் வாங்கிய அதே அரக்குதான். இலந்தை, புரசு போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின். சன்னபட்டணத்தில் கடைசல் மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அது உருகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். நம் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானும் இந்த வம்சம்தான்.

தொட்டிலைச் சுழற்ற முடியாது. அதற்கு அவலரக்கு இருக்கிறது. அவல் மாதிரியே தட்டையான செதில். ஸ்பிரிட்டில் ராத்திரி ஊறப்போட்டு, துணிப் பந்தால் மெல்லிசாக மூன்று நான்கு கை பூசினால் போதும். ஸ்பிரிட் ஆவியாகி வாசனை முழுக்கப் போகும்வரை, இரண்டு மூன்று வாரம், குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது. நாம் விழுங்குகிற மாத்திரைகள் சிலவற்றின் மேல் பளபளப்பதும் இதே அரக்குதான். குறை உண்டு: ஈரம் பட்டால் வெள்ளையாகத் தடம் விழும். இன்னொரு கை பூசினால் சரியாகிவிடும். ஒரே எச்சரிக்கை, சாயம் கலந்த அரக்கு வாங்கினால் என்ன சாயம் என்று கேளுங்கள். மஞ்சளா, அவுரியா, அல்லது கடைப் பொடியா? பதில் சரியாக இல்லாவிட்டால் நிறமில்லாமலே பூசுங்கள்.

2017க்கு முன் அடித்த பெயிண்டை எந்த விதியும் தொடாது. பரணிலிருந்து பழைய தொட்டிலை இறக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கலாம் என்று நம் வயதுக்காரர்களுக்குத்தான் ஆசை வரும். அந்தத் தூசிதான் ஆபத்து. கர்ப்பிணிப் பெண்ணோ குழந்தையோ இருக்கிற வீட்டில் அதைச் செய்யவே கூடாது. எங்கள் வீட்டில் என் பிள்ளைகள் ஓட்டிய நடைவண்டி ஒன்று கிடக்கிறது, பளிச்சென்ற மஞ்சளில். நான் அதைச் சுரண்டவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. பழைய போர்வையில் சுற்றி மேலேயே வைத்திருக்கிறேன்.