பின்னோக்கிப் போகாத கணினி: ஓசூர் தொழிற்பட்டையில் வைப்புநிதி ஆவணங்களின் வரலாறு

சானமாவு என்றால் யானைகள் வந்து தங்கும் காப்புக்காடு என்றே செய்தித்தாள் வாசகர்கள் அறிவார்கள். அந்தக் காட்டைச் சுற்றிய மானாவாரிக் கிராமங்களிலிருந்து ஒரு தலைமுறை ஓசூர் ஆலைகளுக்குள் போனது; இன்று அது ஓய்வூதியம் கேட்கும் வயதில் நிற்கிறது. அவர்களின் உழைப்பைப் பதிந்த தாள்களில் எவை மின்பதிவாயின, எவை ஆகாமல் போயின என்பதை இக்கட்டுரை தொடர்கிறது. மின்மயமாக்கலின் ஒவ்வொரு கட்டமும் அன்றைய தேதியிலிருந்து முன்னோக்கியே நடந்தது. முந்தைய ஆண்டுகள் எவருடைய பொறுப்பாகவும் ஆகவில்லை என்பதே இங்கு முன்வைக்கும் கருத்து.

தமிழக அரசின் சார்பில் தொழிற்பேட்டைகளை அமைக்கும் சிப்காட் நிறுவனம் 1971-ல் அமைக்கப்பட்டது. தொழிலாளர் குடும்ப ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டு மார்ச்சில்தான். 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும் ஓசூரில் பெருகின. அன்றைய ஆலைகளில் வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் கையெழுத்திலேயே நடந்தன. வைப்புநிதிக்கெனத் தனித் தாள்கள் இருந்தன. படிவம் 3ஏ ஆளுக்கு ஒரு தாள். ஆண்டின் பன்னிரண்டு மாத ஊதியமும் பிடித்தமும் அதில் இருக்கும். படிவம் 6ஏ எல்லா ஊழியர்களையும் சேர்த்த ஆண்டுப் பட்டியல். ஒரு தொழிலாளியின் பணிக்காலத்துக்கு இவற்றைவிட உறுதியான சான்று அன்று வேறில்லை என்றே சொல்லலாம்.

ஆனால் இந்தத் தாள்களுக்குச் சட்டம் தந்த ஆயுள் குறைவு. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டப்படி சம்பளப் பதிவேட்டைக் கடைசிப் பதிவுக்குப் பின் 3 ஆண்டு காத்தால் போதும் என்றிருந்தது. நிறுவனச் சட்டம் கணக்குப் புத்தகங்களுக்கு 8 ஆண்டு என்றது. ஓய்வூதியமோ 58 வயதில் கணக்கிடப்படுவது; இருபது வயதில் ஆலைக்குள் நுழைந்தவரின் முதல் தாள் 38 ஆண்டு கழித்துத் தேவைப்படும். இந்த இடைவெளியில்தான் பெரிய இழப்பு நேர்கிறது. பதிவேட்டை எடைக்குப் போட்ட முதலாளி எந்தச் சட்டத்தையும் மீறியிருக்க வேண்டியதில்லை.

1990-களில் ஃபாக்ஸ்புரோ போன்ற நிரல்களில் சம்பளப் பட்டியல் தயாரானது. தரவு ஃபிளாப்பியில் தங்கியது. பின்னர் புதிய மென்பொருளுக்கு மாறும்போது தொடக்க இருப்பை மட்டும் ஏற்றிவிட்டு, மாதவாரி விவரத்தைப் பழைய கணினியிலேயே விட்டுவிடுவது எளிய வழியாக இருந்தது. 2012 ஏப்ரலில் மின்வழிச் சலானும் மாதக் கணக்கும் ஒன்றாயின. படிவம் 3ஏ, 6ஏ ஆகியவற்றின் வேலையை அதுவே எடுத்துக்கொண்டது. 2014-ல் யு.ஏ.என். என்னும் நிரந்தர எண் வந்தது. 2017-ல் ஒன்பது மத்தியத் தொழிலாளர் சட்டங்களின் 56 பதிவேடுகள் ஐந்தாகச் சுருக்கப்பட்டு, மின்வடிவிலும் பேண அனுமதி கிடைத்தது. மூன்றும் நல்ல மாற்றங்கள். மூன்றும் வரும் மாதங்களுக்கானவை.

பார்வையைக் கடந்த காலத்தை நோக்கித் திருப்பியது உச்ச நீதிமன்றம். 2022 நவம்பர் 4 தீர்ப்பு, தகுதியுள்ளவர்கள் முழு ஊதியத்தின் அடிப்படையில் உயர் ஓய்வூதியம் கோர வாய்ப்பளித்தது. அதைக் கணக்கிட, 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டம் தொடங்கிய நவம்பர் 16 முதல், அல்லது அதற்குப் பின் சேர்ந்திருந்தால் சேர்ந்த நாள் முதல், மாதவாரி ஊதியம் தேவை. ஊதிய உச்சவரம்பு 5,000, 6,500, 15,000 ரூபாய் என மாறிவந்திருப்பதால், ஒவ்வொரு மாதத்துக்கும் உண்மை ஊதியத்தின் 8.33 விழுக்காட்டுக்கும் வரம்புக்குட்பட்ட தொகைக்கும் உள்ள வேறுபாட்டைத் தனித்தனியே காண வேண்டும். ஒரே ஊழியருக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட மாதங்கள் வரலாம். நாடெங்கும் 17.49 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. நிறுவனங்கள் ஊதிய விவரம் ஏற்றுவதற்கான கெடு பலமுறை நீண்டு 2025 ஜனவரி 31 வரை போனது. அதற்கு முந்தைய மாதத்திலும் 3.1 லட்சம் விண்ணப்பங்கள் நிறுவனங்களிடமே தேங்கிக் கிடந்தன. சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமில்லை. எடுத்து ஏற்றத் தாளே இல்லாத இடங்களும் உண்டு.

எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றையும் சேர்க்க வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த இவ்வூர்களில் முனியப்பா, திம்மராயப்பா போன்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒரு குமாஸ்தா ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார்கள். தாளில் அது பொருட்டில்லை, டைம் ஆபீசில் ஆளைத் தெரியும். ஆதாருடன் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும் கணினியிடம் அந்த அறிமுகம் செல்லாது. பழைய தாளைப் பார்த்து யு.ஏ.என். கணக்கில் பெயரைத் தட்டச்சு செய்பவர், தெரியாமலேயே ஒருவரை இருவராக்கிவிட முடியும். அதனால் தட்டச்சு விவரத்தோடு தாளின் படமும் சேர்ந்தே இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்பதிவைச் சான்றாக ஏற்கச் சான்றிதழ் கேட்கிறது. மூலத்தை அழித்துவிட்டு, எப்படிப் படியெடுத்தோம் என்ற குறிப்பும் வைக்காத நிறுவனம் அங்கே தடுமாறும்.

பெரிய ஆலைகளுக்கு ஆவணக் காப்பறையும் ஆளும் உண்டு. மூடப்பட்ட சிறு பட்டறைகளின் ஊழியர்களுக்காகப் பேச முதலாளியே இல்லை. அவர்களுக்கு எஞ்சியிருக்கக்கூடிய சான்று, வைப்புநிதி அலுவலகத்துக்கு அன்று அனுப்பப்பட்ட 3ஏ, 6ஏ தாள்கள்தான். படியெடுக்கும் பணி நடப்பு ஆண்டிலிருந்து தொடங்காமல், 2012-க்கு முந்தைய அந்தக் கட்டுகளிலிருந்து, அதிலும் மூடிய நிறுவனங்களின் கட்டுகளிலிருந்து முதலில் தொடங்க வேண்டும்.