படைவீரருக்கு நாடு பட்ட கடன்



போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டி, அவன் பெயரைப் பொறித்து வழிபட்டது பழந்தமிழ்ச் சமுதாயம். மாண்டவனுக்குச் சிறப்புச் செய்தல் எந்நாட்டார்க்கும் இயல்பே. ஆயின், உயிரோடு மீண்டவனுக்கு நாடு செய்ய வேண்டுவது யாது? இவ்வினாவுக்கு விடை காண, இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாடு கற்ற பாடம் பெரிதும் துணைபுரியும்.

முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர், தாம் களத்தில் நின்ற காலத்தில் தொழிற்சாலைகளில் இருந்தோர் தம்மினும் மிகுதியாக ஊதியம் பெற்றிருந்ததைக் கண்டனர். அக்குறையை ஈடுசெய்ய 1924இல் ஒரு சட்டம் பிறந்தது. உள்நாட்டிற் பணியாற்றிய நாளொன்றுக்கு 1 டொலரும், கடல் கடந்து பணியாற்றிய நாளொன்றுக்கு 1.25 டொலரும் கணக்கிடப்பட்டன. எனினும் பெரும்பாலோர் கைக்கு வந்தது பணமன்று. 1945இல் பணமாகும் பத்திரமே.

1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் வீரர் பலரை வேலையற்றோர் ஆக்கியது. பத்திரம் பசி தீர்க்குமோ? 1932ஆம் ஆண்டில் ஏறத்தாழ 20,000 பேர், சிலர் மனைவி மக்களோடும், வாஷிங்டன் நகரை அடைந்து, தமக்குரிய பணத்தை அப்பொழுதே தருமாறு வேண்டினர். அனகொஸ்தியா ஆற்றங்கரையிற் குடிசைகள் அமைத்தனர். படையில் பிரித்து வைக்கப்பட்டிருந்த வெள்ளையரும் கறுப்பரும் அங்கே ஒருங்கு வாழ்ந்தனர்.

பிரதிநிதிகள் சபை கோரிக்கைக்கு இசைந்தது. ஜூன் 17இல் செனற் சபை மறுத்தது. ஜூலை 28இல் பொலிசார் சுட்டதனால் வீரர் இருவர் காயமுற்று இறந்தனர். அன்றே, நகரின் நடுவிலிருந்தோரை அகற்றுமாறு ஜனாதிபதி ஹூவர் பணித்தார். தளபதி மக்ஆதரோ ஆற்றையும் கடந்து சென்று பாசறையைக் கலைத்தார். குதிரைப்படையும் தாங்கிகளும் கண்ணீர்ப்புகையும், ஒருகாலத்தில் அதே கொடியின் கீழ் நின்றோர்மீது ஏவப்பட்டன. குடிசைகள் தீக்கிரையாயின. 1936இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் சபை அப்பணத்தை வழங்க முடிவு செய்தது.

இக்கசப்பு வீண்போகவில்லை. இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே, 1944 ஜூன் 22இல், புதியதொரு சட்டத்தில் ரூஸ்வெல்ற் கையொப்பமிட்டார். ஆண்டொன்றுக்கு 500 டொலர் வரை கல்விக் கட்டணம், கற்குங்கால் வாழ்க்கைப்படி, வீட்டுக்கடனுக்குப் பிணை, வேலையற்றோர்க்கு வாரம் 20 டொலர் என்பன அதனால் கிடைத்தன. 1956ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 78 இலட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அவருள் 22 இலட்சம் பேர் கல்லூரிகளையும் சர்வகலாசாலைகளையும் நாடினர். கொடுத்த நாடும் கற்றறிந்த குடிமக்களைப் பெற்றுப் பயனடைந்தது.

ஆயினும் இங்கும் ஒரு மாசு உண்டு. கறுப்பின வீரர் பலருக்கு வங்கிகள் கடன் மறுத்தன. தென்மாநிலக் கல்லூரிகள் பல கதவடைத்தன. ஒரே களத்தில் இன்னலுற்றோர்க்கு ஒரே வகையான நன்மை கிட்டவில்லை.

போரை வெறுப்போரும் போர்வீரனை மறத்தல் தகாது. போரைத் தொடங்கும் முடிவு அவனுடையதன்று, நாட்டினுடையது. ஆதலின் அவனுக்குக் கொடுப்பது ஈகையன்று, கடனிறுத்தலேயாம். அதனை அவன் கேட்குமுன், உரிய காலத்தில், நிறம் பாராது இறுத்தல் வேண்டும்.